போளூர் ஸ்டேஷன் தெருவில் வாங்காத வீடு

1978 மே 23, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து இருபது. கோடை மழை அரை மணி நேரம் அடித்து ஓய்ந்து, மேற்கே வெயில் திரும்பியிருந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் நடந்து போக வேண்டிய ஒரு மலையூரில், அம்மன் கோயிலுக்கு முன்னால் நின்ற வரிசையில் இருபத்து மூன்றாவது ஆளாக நானும் நின்றேன். என் முறை வந்தது. யாரையும் எதுவும் கேட்காமல் வலது கையை நீட்டினேன். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டினார்கள்.

நம் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் மூன்று பேருக்கு இந்த மாதம் மலைப்பக்கம் வேலை போட்டிருக்கிறார்கள். மூவருமே என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், எந்த ஊர்ல வீடு பாக்கலாம்?" வாடகையைப் போனிலேயே தேடிப் பார்த்துவிட்டீர்கள். தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, சிக்னல் கிடைக்குமா என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கிறது. பிறகு என்னை எதற்குக் கேட்கிறீர்கள் என்று எரிச்சலாக வந்தது. ஒருவருக்குப் பதில் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. மன்னார்குடிப் பக்கம் ஐந்து வருஷம் வேலை பார்த்த பிறகு ஜமுனாமரத்தூர் கால்நடை மருந்தகத்துக்கு மாற்றல் வந்தது. தண்ணீரும் சமதரையுமாகவே பார்த்துப் பழகியவன் நான். மலையில் குடும்பத்தோடு எங்கே இருப்பது என்று நானும் என் மனைவி சரோஜாவும் பத்து நாள் பேசினோம். நான்கு ஊர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று.

கணியம்பாடி வேலூருக்குப் பக்கம். பெரிய ஆஸ்பத்திரி அரை மணி நேரத்தில். ஆனால் அங்கிருந்து அமிர்தி வரைக்கும்தான் ஒழுங்கான பாதை, அப்புறம் காடு. நான் மலையேற வேண்டுமானால் போளூர் வந்துதான் ஏற வேண்டும். காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் கூடம் இருந்ததால் கரண்ட் உண்டு, படித்த குடும்பங்கள் உண்டு. நான் அதற்கு நிறைய மதிப்பெண் போட்டேன்.

"அந்த ஊர்ல ராத்திரி வெளியில லைட்டு போடக் கூடாதாமே. நட்சத்திரம் தெரியாம போயிடுமாம். ரெண்டு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு இருட்டுல உக்காந்து நான் எந்த நட்சத்திரத்தைப் பாக்கறது?" என்றாள் சரோஜா.

ஜமுனாமரத்தூரைப் பற்றி அவள் எதுவுமே சொல்லவில்லை. போளூர் என்றதும் மட்டும், "ரயில் நிக்குதா?" என்று கேட்டாள்.

நின்றது. அவளுடைய அம்மா திருக்கோவிலூரில் தனியாக இருந்தாள். இதய நோய். சரோஜா ஒரே பெண். மன்னார்குடியிலிருந்து அம்மாவைப் பார்க்கப் போவதென்றால் ஒரு பகலும் மூன்று வண்டியும் ஆகும். போளூரிலிருந்து ஒரே வண்டி, மூன்று மணி நேரம். ஐந்து வருஷமாக அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் இந்த மூன்று மணி நேரம்தான். என் மதிப்பெண் கணக்கில் ரயிலுக்கு ஒரு கட்டமே நான் போட்டிருக்கவில்லை.

வேலூரில் வேலையில் சேர்ந்துகொள்ளப் போன அன்று, மேலதிகாரி ஒருவர் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேசுவார். "குடும்பத்தை ரயில் நிக்கிற ஊர்ல வை. நீ மேல இரு. சனிக்கிழமை இறங்கி வா. ரெண்டையும் ஒரே எடத்துல வெக்கணும்னு நெனச்சா ஒண்ணு கெடும்," என்றார். இரண்டு பேர் சொன்ன ஊரும் ஒன்றாக இருந்ததால் எனக்கு நிம்மதி.

போளூரில் மூன்றாம் நாளே வீடு அமைந்துவிட்டது. வாடகைக்கு அல்ல, விலைக்கு. ஸ்டேஷன் தெருவில் மேற்கு வரிசையில் ஏழாவது வீடு. ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார் ஒருவர் பெங்களூரில் மகனோடு போய் இருக்கப் போவதால் விற்கிறார். முன்னால் ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் உருளை போட்ட கிணறு, கிணற்றோரம் ஒரு சப்போட்டா மரம். ஸ்டேஷனுக்கு நான்கு நிமிட நடை. நான் இரண்டு தடவை நடந்து பார்த்தேன். விலை பதினான்காயிரம். அரசாங்கத்தில் கடன் வாங்கியும் அவள் நகையில் கொஞ்சம் வைத்தும் புரட்டினோம். முன்பணம் ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று கொடுத்தாயிற்று. மே 25, வியாழக்கிழமை பத்திரப் பதிவு. அன்று நான் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் முன்பணம் போய்விடும். அடுத்ததாக ஒரு மணிலா, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் ரொக்கத்தோடு காத்திருந்தார். அதே தெருவில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துச் சரோஜாவையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு நான் மலைக்கு ஏறினேன். அவள் தினமும் காலையில் அந்த வாத்தியார் வீட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் சேந்திக்கொண்டு வந்தாள். அவர்கள் கேட்டால், கிணறு பழகட்டும் என்று சொன்னாளாம்.

வேலையில் சேர்ந்த ஒன்பதாம் நாள், அந்த மலையூருக்குப் பக்கத்துக் குக்கிராமத்தில் மாடுகள் தொண்டை வீங்கிச் சாகிற செய்தி வந்தது. தொண்டை அடைப்பான். முதல் மழையோடு வரும். வந்தபின் மருந்து கொடுப்பதைவிட வராத இடத்தில் ஊசி போடுவதுதான் வழி. ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்தை எடுத்துக்கொண்டு, என் உதவியாளர் வேணுவோடு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அங்கே போய்ச் சேர்ந்தேன். வேணு அடிவாரத்துக்காரன், அத்திமூர்ப் பக்கம். இருபத்தாறு வயது.

ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். மரியாதையாகப் பேசினார், ஆனால் ஊசி என்றதும் முகம் திருப்பிக்கொண்டார். போன வருஷம் யாரோ வந்து ஊசி போட்டுவிட்டுப் போனதில் நான்கு சினைப்பசு குறைமாதத்தில் கன்று வீசிவிட்டதாம். "போட்டுட்டு அவரு பஸ் ஏறிட்டாரு. நாங்க யாரப் போய்க் கேக்கறது?" என்றார். சாயங்காலம் கோயில் காரியம் முடிந்ததும் பேசலாம் என்றார். அந்தக் காரியத்துக்குத்தான், மரியாதைக்காக, நான் வரிசையில் நின்றது.

நூல் கட்டி முடிந்ததும் கவுண்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சாரு, ஊசி போட வந்தீங்க, ஊருக்காரரா ஆயிட்டீங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. வீட்டுக்கு ஒருவர் கையில் அந்த நூல் ஏறும். ஏறியவர் எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைப்பதற்குள் வந்துவிட வேண்டும். தங்கிவிட்டால் ஊருக்கு ஆகாது; ஆளுக்கோ மாட்டுக்கோ எது வந்தாலும் அந்த ஆள்மேல்தான் வரும்.

திரும்பிப் பார்த்தேன். வேணு வெகுதூரத்தில் ஒரு பலா மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே வேணு," என்றேன்.

"பீடி பத்த வெச்சிக்கினு வர்றேன்னு நான் நவுந்தேனே, அப்பவே நீங்களும் வருவீங்கன்னு பாத்தேன் சார். நீங்க கைய நீட்டிட்டீங்க. நீட்டின கைய நான் வந்து தட்டிவுட முடியுமா?"

நான் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்கு நடக்க ஆரம்பித்தால் எட்டேகால் பஸ்ஸைப் பிடித்துப் பத்தே முக்காலுக்குப் போளூர். பதிவு முடியப் பன்னிரண்டு, ஒன்று. திரும்பும் பஸ் இரண்டு மணிக்கு. ஜமுனாமரத்தூர் நாலே முக்கால். அங்கிருந்து மூன்று மணி நேர நடை. ஏழே முக்கால். விளக்கு வைப்பது ஆறரைக்கு. எப்படிப் போட்டாலும் ஒன்றேகால் மணி நேரம் இடித்தது.

மறுநாள் விடிந்ததும் வேணுவைக் கீழே அனுப்பினேன். வாத்தியாரிடம் ஒரு வாரம் தவணை கேட்டுப் பார்க்கும்படி சரோஜாவிடம் சொல்ல வேண்டும், ஐஸும் வாங்கி வர வேண்டும்.

அந்தப் புதன்கிழமை எனக்கு மறக்காது. முந்தின நாள் முகம் திருப்பிய கவுண்டரே காலையில் தன் இரண்டு காளைகளை ஓட்டிவந்து முன்னால் நிறுத்தினார். "நூலு கட்டிக்கினவரு எங்கியும் போவ முடியாது. போடுங்க, பாத்துக்கலாம்," என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு பெண்பிள்ளை தன் பசுவின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "மாமா, மெதுவாப் போடு. இது என் மாமியாரு மாதிரி, ஒதச்சா ஒதச்சதுதான்," என்றாள். பின்னால் நின்ற மாமியார், "ஒன்னை ஒதைக்காம வுட்டேன் பாரு," என்றாள். ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு மாடு. சாயங்காலத்துக்குள் அறுபத்தொன்றுக்குப் போட்டேன். நூல் கட்டிய கையோடு போட்டதனால்தான் அந்த அறுபத்தொன்றும் நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வேணு ஏழே முக்காலுக்குச் சரியாக வந்து சேர்ந்தான். என் கணக்கு ஒரு நிமிஷம் பிசகவில்லை.

"அம்மாவே வாத்தியாரு வூட்டுக்குப் போய்ட்டாங்க சார். ஒரு வாரமெல்லாம் முடியாதுன்னுட்டாரு. வெள்ளிக்கிழம அவருக்கு பெங்களூருக்கு டிக்கெட்டு எடுத்தாச்சாம். அம்மா நவுரல. வாசல்லியே நின்னாங்க. கடசியா, நாளைக்கு நாலு மணி வரைக்கும் பாக்கறேன்னு சொன்னாரு."

"என்கிட்ட எதாவது சொல்லச் சொன்னாங்களா?"

வேணு ஐஸ் பெட்டியை இறக்கிவைத்தான். "'வந்துடுவாருன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்'னாங்க சார். அதத்தான் சொல்லச் சொன்னாங்க."

போய்விடுவது என்று முடிவு செய்தேன். மிச்ச மாடுகளுக்கு வேணு போடட்டும். ஒன்றேகால் மணி நேரம் பிந்தித்தான் வருவேன், வெளியே தங்கப் போவதில்லையே, கவுண்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலை ஐந்து பத்துக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லைக் கல்வரை வந்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஆள் ஓடிவந்தது. நேற்று ஊசி போட்ட ஒரு காளை விடியற்காலையில் செத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்தக் காளைக்கு ஊசிக்கு முன்பே நோய் பிடித்திருக்கிறது. ஊசி வேலை செய்ய நாளாகும். இது உங்களுக்கும் எனக்கும் தெரியும். புத்தகத்தில் இருக்கிறது. அந்த விடியற்காலையில் அந்த ஊருக்கு அது தெரியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டுதான். ஊசி போட்ட மாடு செத்துக் கிடக்கிறது. ஊசி போட்டவர் பையோடு எல்லையில் நிற்கிறார்.

நான் திரும்பிப் போனபோது முப்பது நாற்பது பேர் கூடிவிட்டிருந்தார்கள். ஊசிக்கென்று கொண்டுவந்த மாடுகளைச் சிலர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திருப்பி ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். காளைக்குச் சொந்தக்காரர் அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். யாரும் சத்தம் போடவில்லை. கூட்டத்தில் ஒருவன் மட்டும், "நூலக் கட்டிக்கினு பஸ்ஸப் புடிக்கிறாரு, பாருங்கடா," என்றான்.

கவுண்டர் என் பையைப் பார்த்தார். "போறதுன்னா போங்க சாரு. உங்களப் புடிச்சி வெக்க மாட்டோம். நாங்க இன்னும் எதுவும் பேசல."

போனால் வீடு கிடைத்துவிடும். ஆனால் நூற்றைம்பத்தொரு மாட்டுக்கும் ஊசி கிடையாது. அந்த ஊரோடு நிற்காது. சுற்றிலும் உள்ள ஊர்களுக்குச் சேதி போகும், நான் மலையில் இருக்கும் வரைக்கும் ஒரு கயிறுகூட என் மருந்தகத்துக்கு அவிழாது. மருந்து தெரிந்த ஆள் வேணுவும் இருந்தான், ஐஸும் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஊர் பார்த்தது அது எதையும் அல்ல. நான் இருக்கிறேனா என்றுதான். நான் மணியைப் பார்த்தேன். ஐந்து முப்பத்தைந்து. ஓட்டமும் நடையுமாகப் போனால் இன்னும் பஸ் கிடைக்கும். சரோஜா வாத்தியார் வாசலில் நின்றது கண்ணுக்குள் வந்தது. ஐந்து நாற்பத்தைந்து வரைக்கும் அப்படியே நின்றேன் என்று வேணு பிறகு சொன்னான். எனக்கு அது ஒரு நிமிஷம் போலத்தான் இருந்தது.

பையைக் கழற்றி அந்தக் காளையின் பக்கத்தில் வைத்தேன்.

"இதுக்கு முன்னாடியே நோய் இருந்துச்சு. இன்னும் ரெண்டு மூணு மாட்டுக்கு இருக்கலாம், அதுவும் சாகலாம். ஊசி போடலைன்னா எல்லாத்துக்கும் வரும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் இந்த ஊர்லதான் இருக்கேன். தப்புன்னா என்னைத் தேடி எங்கயும் போக வேண்டாம்," என்றேன்.

கவுண்டர் காளைக்காரரைப் பார்த்து, "இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

அவர் தலையை நிமிர்த்தாமல், "மத்ததையும் ஓட்டியாறேன்," என்றார்.

அன்று இருட்டுவதற்குள் நூற்றைம்பத்தொன்றையும் முடித்தோம். நாலு மணி ஆனபோது கையில் ஒரு கிடேரியின் கழுத்தைப் பிடித்திருந்தேன். மணி பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். சனிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு மாடு செத்தது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். புதன்கிழமை போளூர் போய் இறங்கினேன். வாத்தியார் வீட்டு வாசலில் மண்டிக்காரரின் வண்டியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சரோஜா வாடகை அறையில் சாமான்களைக் கட்டி வைத்திருந்தாள்.

"வேற வீடு பாக்கலாம். இந்த ஊர்லயே," என்றேன்.

"ரெண்டு எடத்துல குடித்தனம் பண்ண இனி பணம் ஏது? அதுவுமில்லாம நான் இந்தத் தெருவுல இருந்துக்கிட்டு அந்த வீட்டைத் தினம் பாத்துக்கிட்டு இருக்கணுமா? மேலயே போயிடலாங்க," என்றாள்.

போனோம். ஆறு வருஷம் ஜமுனாமரத்தூரில் ஓட்டு வீட்டில் இருந்தோம். நல்ல வருஷங்கள்தான். சாமைச் சோறு அவளுக்குப் பிடித்துப் போனது. அந்த மலையூரிலிருந்து யார் சந்தைக்கு வந்தாலும் எங்கள் வீட்டுக்கு வராமல் போகமாட்டார்கள். அந்த மாமியாரும் மருமகளும் தனித்தனியாக வந்து ஒருவரைப் பற்றி ஒருவர் சரோஜாவிடம் குறை சொல்லிவிட்டுப் போவார்கள். என் மருந்தகத்தில் மாடு இல்லாத நாள் இல்லை.

ஆனாலும் அந்த வீடு எங்களைவிட்டுப் போகவில்லை. இரவில் படுத்தால் அதில் சாமான்களை ஒழுங்கு பண்ணுவேன். கூடத்தில் ஊஞ்சலா நாற்காலியா, குழந்தைகளுக்குக் கிழக்கு அறையா மேற்கு அறையா என்று. ஒரு நாள் இதைச் சரோஜாவிடம் சொன்னேன். "கிழக்கு அறையிலதான் ரயில் சத்தம் நல்லா கேக்கும். அது எனக்கு," என்று உடனே சொன்னாள். அவளும் குடியேறியிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. போளூருக்கு எப்போது போனாலும், கடைத்தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நேர்வழி இருக்க, அந்தத் தெரு வழியாகச் சுற்றித்தான் வருவோம். மண்டிக்காரர் சப்போட்டா மரத்தை வெட்டவில்லை. மதிலுக்கு மேலே தெரியும். இரண்டு பேரும் பார்த்துவிட்டு வேறு எதையாவது பேசிக்கொண்டு நடப்போம். இப்போது அவள் இல்லை. நான் இன்னும் அந்தக் கூடத்தில் ஊஞ்சலை மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, எந்த ஊரில் வீடு பார்க்கலாம் என்று கேட்காதீர்கள். உங்களோடு வருகிறவர் எங்கே அவசரமாகப் போக வேண்டியிருக்கும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். மற்றதற்கெல்லாம் அப்புறம் மதிப்பெண் போடலாம். மலையில் கையை நீட்டுவதற்கு முன்பு, இது எத்தனை நாளைக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீட்டிவிட்டால் இருங்கள்.

1981 மார்ச்சில், ஒரு நாள் பிற்பகல் மூன்று பத்துக்குத் தந்தி வந்தது. அம்மா கவலைக்கிடம், உடனே வரவும். கீழே போகும் கடைசி பஸ் மூன்று மணிக்குப் போய்விட்டிருந்தது. புளி ஏற்றிய லாரி ஒன்று மூன்றே முக்காலுக்குக் கிளம்பியது. டிரைவர் பக்கத்தில் சரோஜாவை உட்காரவைத்து நான் மூட்டைமேல் ஏறிக்கொண்டேன். ஆறு ஐம்பதுக்குப் போளூர் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டான். திருக்கோவிலூர் வண்டி ஆறு இருபத்தைந்துக்குப் போய்விட்டது. அந்தத் தந்தி போளூர் தபால் ஆபீஸுக்கு ஒன்றே முக்காலுக்கே வந்திருக்கிறது. பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

காலை வண்டியில் போனோம். அவளுடைய அம்மா விடியற்காலை நாலு மணிக்குப் போய்விட்டாள். முந்தின இரவு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டதும், வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாளாம்.

காரியமெல்லாம் முடிந்து திரும்பி வரும்போது, திருவண்ணாமலை தாண்டியதும் சரோஜா ஜன்னலைவிட்டுத் திரும்பி, "அன்னிக்கு மொத்தம் எத்தனை மாடு?" என்று கேட்டாள்.

"இருநூத்துப் பன்னெண்டு."

"செத்தது?"

"மூணு."

அவள் மனத்துக்குள் கழித்துப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது. பிறகு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் கேட்டதே இல்லை.

முன்பணம் ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று. தரகருக்கு ஐம்பது. பத்திரம் எழுதியவருக்கு இருபத்தைந்து. வேணு போய்வந்த பஸ் கட்டணம் ஆறு ரூபாய் நாற்பது காசு. புளி லாரிக்கு நாற்பது. ரயில் டிக்கெட்டை இதில் சேர்க்கவில்லை. அந்த வீட்டில் இருந்திருந்தாலும் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆக, வாங்காத வீட்டுக்கு மொத்தம் ஆயிரத்து அறுநூற்று இருபத்திரண்டு ரூபாய் நாற்பது காசு.